கட்டுமானத் தளத்துக்குப் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

நாலடிச்சுவர்

வணக்கம். ஒரு பேஸ்மென்ட், தரைத்தளம், அதன்மேல் 5 மாடி. ஆர்.சி.சி. கட்டடம். தோண்டும் ஆழம் 4 மீட்டர். ஒரு பக்கம் பொதுச்சாலை. இன்னொரு பக்கம் எங்கள் எல்லையிலிருந்து 3 மீட்டர் தள்ளி மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. வேலை உச்சத்தில் இருக்கும்போது 120 பேர் உள்ளே இருப்பார்கள். மண்வேலை, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்), கம்பி, சாரம், எலக்ட்ரிக்கல் என்று ஐந்து சப்-கான்ட்ராக்டர்கள். டவர் கிரேன் கிடையாது. மொபைல் கிரேன் தேவைப்படும்போது வரும். மெட்டீரியல் ஹாய்ஸ்ட் (பொருள் ஏற்றும் லிஃப்ட்) ஒன்று உண்டு.

வேலை ஆரம்பிக்கும் முன் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் கையில் வர வேண்டும் என்று கிளையன்ட் தரப்பு சொல்லிவிட்டது. வேறொரு ப்ராஜெக்டுக்குப் போட்ட 110 பக்கக் கோப்பு ஒன்று இருக்கிறது. பெயரை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் முதல் 40 பக்கம் கொள்கை விளக்கம், பொறுப்புகள், படிநிலை வரைபடம். மீதி முழுக்க "அனைவரும் ஹெல்மெட் அணிய வேண்டும்" ரகம். எங்கள் பள்ளத்தைப் பற்றியோ பக்கத்துக் கட்டடத்தைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இருக்க வழியில்லை.

என் கேள்விகள்: எதில் தொடங்குவது? ரிஸ்க் அசெஸ்மென்ட் எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும்? சப்-கான்ட்ராக்டர்கள் தனித்தனியாகத் தரும் காகிதங்களை இதோடு எப்படிச் சேர்ப்பது?

---

மட்டப்பலகை

கோப்பை மூடி வையுங்கள். பார் சார்ட்டை (எந்த வேலை எந்த வாரம் என்று கோடுகளாகக் காட்டும் கால அட்டவணையை) எடுத்து மேசைமேல் விரியுங்கள். திட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாரம் வாரமாகப் போய் ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வாரம் யாருக்கு மேலே யார் வேலை செய்கிறார்கள்? யாருடைய வேலை பக்கத்தில் இருப்பவரைப் பாதிக்கும்? ஒரு குழு தன் வேலையில் உள்ள ஆபத்தை ஓரளவு அறிந்துதான் இருக்கும். தலைக்கு மேலே இன்னொரு குழு என்ன செய்கிறது என்பதுதான் தெரியாது. பேஸ்மென்ட் சுவருக்கு சால்வென்ட் (தீப்பற்றும் கரைப்பான்) கலந்த வாட்டர்ப்ரூஃபிங் அடித்துக்கொண்டிருக்கும்போது மேலே கம்பி வெல்டிங். இரண்டாம் மாடியில் முட்டு பிரிக்கும்போது அதே ஓரத்துக்கு வெளியே சாரத்தில் பூச்சுவேலை. பொக்லைன் சுற்றும் வட்டத்துக்குள் சர்வே பையன்கள். பார் சார்ட்டில் இவை தனித்தனிக் கோடுகள், தளத்தில் ஒரே இடம். இப்படி முட்டிக்கொள்ளும் இடங்களை முதலில் பட்டியல் போடுங்கள். பலவற்றை மூன்று நாள் தள்ளிப்போட்டாலே தீர்ந்துவிடும், ஹெல்மெட்டும் வேண்டாம், பெர்மிட்டும் (ஆபத்தான வேலைக்கான எழுத்து அனுமதி) வேண்டாம். ஆபத்தை அடியோடு நீக்குவது என்று பாடத்தில் முதல் படியாகச் சொல்வது தளத்தில் பெரும்பாலும் இந்தத் தேதி மாற்றம்தான்.

அடுத்தது சைட் லேஅவுட். பலர் ஒரே படத்தை வரைந்து 14 மாதம் ஓட்டிவிடுவார்கள். உங்களுக்குக் குறைந்தது நான்கு வேண்டும்: தோண்டும்போது, பேஸ்மென்ட் எழும்போது, மாடிகள் ஏறும்போது, பூச்சுவேலையின்போது. ஒவ்வொன்றிலும் வண்டி வரும் வழியும் ஆள் நடக்கும் வழியும் தனித்தனி நிறத்தில். ரெடிமிக்ஸ் லாரி ரிவர்ஸ் எடுக்காமல் சுற்றி வெளியேற இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எங்கே ரிவர்ஸ், அங்கே யார் நின்று கைகாட்டுவார் என்று படத்திலேயே குறியுங்கள். கம்பி யார்டு, ஜெனரேட்டர், டி.பி. (மின் பகிர்வுப் பெட்டி), சிலிண்டர் வைக்கும் கூண்டு, கழிப்பறை, கூடுமிடம், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம் எல்லாம் அளவோடு வர வேண்டும்.

மொபைல் கிரேன் நிற்கும் இடத்தைக் கட்டாயம் கணக்குப் போட்டுக் குறியுங்கள். கிரேன் ஒரு காலில் 12 டன் இறக்குகிறது என்று வைப்போம். கால் தட்டு 40 செ.மீ. × 40 செ.மீ., அதாவது 0.16 சதுர மீட்டர். தரைக்கு வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 75 டன். அந்த மண் பாதுகாப்பாகத் தாங்குவது 15 டன் என்றால் அடியில் 0.8 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 90 செ.மீ. சதுரப் பலகை வேண்டும், அதுவும் வளையாத தடிமனில். இரண்டு சென்ட்ரிங் பலகையைப் போட்டுவிட்டு "பேக்கிங் கொடுத்தாச்சு" என்பது கணக்கில் வராது. கால், பள்ளத்தின் விளிம்பிலிருந்து பள்ளத்தின் ஆழம் அளவுக்காவது தள்ளி இருக்க வேண்டும். உங்களுக்கு 4 மீட்டர், இளகிய மண் என்றால் அதற்கும் மேலே. ஷோரிங்கை (பள்ளத்தின் பக்கச் சுவர் சரியாமல் தாங்கும் அமைப்பை) கிரேன் சுமைக்கும் சேர்த்து டிசைன் செய்திருந்தால் மட்டும் கிட்டே வரலாம். நேற்று மூடிய பைப் பள்ளத்தின்மேல் ஒரு கால் இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேன் கவிழ்வதற்கு அது மிகப் பழைய காரணம்.

கொள்கை விளக்கம் ஒரு பக்கம் போதும். மொத்தமாகத் திட்டம் 25, 30 பக்கம், பிற்சேர்க்கையாகப் படங்களும் படிவங்களும். ஐ.எஸ்.ஓ. 45001 (தொழில் பாதுகாப்பு மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலை) தலைப்புகளைக் கிளையன்ட் கேட்டால் அவற்றுக்கும் உங்கள் பக்க எண்ணுக்கும் ஒரு பொருத்த அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தலைப்பு வரிசையிலேயே திட்டத்தை எழுதப் போனால் மேஸ்திரி ஒருவரும் கையில் எடுக்க மாட்டார்.

---

தூக்குகுண்டு

மட்டப்பலகை சொன்னதோடு பள்ளத்தைப் பற்றிச் சேர்க்கிறேன். உங்கள் தளத்தில் முதல் மூன்று மாதம் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான்.

ஒரு கன மீட்டர் மண் 1.5 முதல் 2 டன். நெஞ்சளவு மண் சரிந்து மூடினாலே நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு நிற்கும், தலை வெளியே இருந்தாலும். ஆகவே "சரிந்தால் மீட்போம்" என்பதைக் கட்டுப்பாடு என்று எழுத முடியாது.

இப்போது பக்கத்துக் கட்டடம். எல்லையிலிருந்து 3 மீட்டர் என்கிறீர்கள். அது சுவரின் அளவா, ஃபுட்டிங்கின் (மண்ணுக்குள் அகலமாக இருக்கும் அஸ்திவார அடியின்) அளவா? ஃபுட்டிங் சுவருக்கு வெளியே 75 செ.மீ. நீண்டிருந்தால் மிச்சம் 2.25 மீட்டர். அதன் அடிமட்டம் 1.5 மீட்டர் ஆழம் என்றால் உங்கள் பள்ளம் அதைவிட 2.5 மீட்டர் கீழே போகிறது. ஃபுட்டிங்கின் அடி ஓரத்திலிருந்து 45 பாகையில் ஒரு கோடு இறக்கிப் பாருங்கள். எல்லை வரை செங்குத்தாகத் தோண்டினால் பள்ளம் அந்தக் கோட்டை வெட்டுகிறது. அந்தக் கட்டடத்தின் சுமையைத் தாங்கும் மண்ணைத்தான் எடுக்கிறீர்கள் என்று பொருள். சரிவாக வெட்டலாம் என்றால் 4 மீட்டருக்கு 1:1 சரிவு 4 மீட்டர் இடத்தைச் சாப்பிடும், பேஸ்மென்டில் பாதி காணாமல் போகும். ஆக அந்தப் பக்கம் டிசைன் செய்த ஷோரிங், வேறு வழி இல்லை. மேலே போட்ட 75 செ.மீ., 1.5 மீட்டர் இரண்டும் கணக்குக்காக நான் வைத்த எண்கள். உண்மை அளவுக்கு உரிமையாளரின் ஒப்புதலோடு ஒரு சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். அது முடியும்வரை அந்தப் பக்கம் பொக்லைன் போகக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதுங்கள்.

இப்படி "இது முடியாமல் அது இல்லை" என்று எழுதுவதைத்தான் ஹோல்ட் பாயின்ட் என்கிறோம். நல்ல திட்டத்துக்கும் காகிதக் கட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதில் தெரிந்துவிடும். பள்ளத்துக்கு நான் வைப்பவை:

தோண்டும் முன், பக்கத்துக் கட்டடத்தின் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்ட பதிவு. விரிசல்மேல் அளவுகோல் ஒட்டுவது, சுவரில் லெவல் பார்க்கும் புள்ளிகள் வைப்பது. எத்தனை மி.மீ. நகர்ந்தால் எச்சரிக்கை, எத்தனைக்கு வேலை நிறுத்தம் என்ற இரண்டு எண்களும் ஷோரிங் டிசைனர் கையிலிருந்து முன்கூட்டியே வர வேண்டும். அளந்து முடித்தபின் "இது பரவாயில்லையா?" என்று கேட்டால் எல்லா எண்ணும் பரவாயில்லையாகத்தான் இருக்கும்.

முதல் மட்டம் ஷோரிங் பூட்டி முடிக்காமல் அடுத்த மட்டம் தோண்டக் கூடாது. பொக்லைன்காரருக்கு மணிக்கணக்கில் கூலி என்றால் இந்த வரியைத்தான் முதலில் மீறுவார்கள்.

நிலத்தடி நீர் இருந்தால், பம்ப் இறைக்கும் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து அரை மணி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் நீரோடு பக்கத்து மண்ணும் வெளியேறுகிறது, பக்கத்துக் கட்டடம் இறங்கத் தொடங்கும். இரவில் மின்சாரம் போனால் பம்ப் நின்று நீர் ஏறும். மாற்றுப் பம்பும் ஜெனரேட்டரும், அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும் இரவிலும் தளத்தில் இருக்க வேண்டும்.

எடுத்த மண் விளிம்பிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி. இறங்கி ஏறும் ஏணி, எங்கே நின்றாலும் ஏழு எட்டு மீட்டருக்குள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும் முன்னும் மழைக்குப் பின்னும் ஆய்வு, பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பில். விளிம்பில் தடுப்பு. பளபளவென்று ஒரு ரிப்பன் கட்டுவது தடுப்பு ஆகாது.

---

சாரமரம்

ரிஸ்க் அசெஸ்மென்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நடக்கும் வாய்ப்பு, கடுமை இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்து 5×5 கட்டம் போட்டு நிறம் அடிப்பதில் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஆனால் 12 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு முதலில் கடுமை 5 என்று போட்டுவிட்டு, ஹார்னஸ் (உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) கொடுத்ததும் 2 என்று இறக்குவார்கள். ஹார்னஸை மாட்டாமலோ தவறான இடத்தில் மாட்டியோ விழுந்தால் உயரம் அதே 12 மீட்டர்தான். குறைய வேண்டியது விழும் வாய்ப்பு. கைப்பிடித் தடுப்பு அதைக் குறைக்கும். வலை, அதுவும் அருகில் கட்டிய வலை, கடுமையைக் குறைக்கும். கட்டங்கள் எல்லாம் பச்சையாகிவிட்ட ஆவணத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

ஹார்னஸ் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. காலடி மட்டத்தில் கொக்கி மாட்டியிருக்கிறார். லேன்யார்ட் (ஹார்னஸையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு) 2 மீட்டர். ஷாக் அப்சார்பர் (விழும் அதிர்ச்சியைக் குறைக்கும் மடிப்புப் பட்டை) கிழிந்து நீள்வது அதிகபட்சம் 1.75 மீட்டர். முதுகு வளையத்திலிருந்து கால் வரை 1.5 மீட்டர். கீழே பாதுகாப்பு இடைவெளி 1 மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர். முதல் மாடி ஸ்லாப் ஓரம் தரையிலிருந்து 3.3 மீட்டர். ஆள் ஹார்னஸோடு தரையில் மோதுவார். கொக்கியைத் தலைக்கு மேலே மாட்ட வழி செய்யுங்கள். இல்லாவிட்டால் விளிம்பையே எட்ட முடியாத அளவு குட்டைக் கயிறு கொடுங்கள், இரண்டும் முடியாத இடத்தில் கைப்பிடித் தடுப்பு. திட்டத்தில் "6.25 மீட்டருக்குக் கீழான மாடிகளில் ஷாக் அப்சார்பர் லேன்யார்டைக் கால்மட்டத்தில் மாட்டக் கூடாது" என்று ஒரு வரி எழுதினால் அது உங்கள் தளத்துக்கான வரி. "உயரத்தில் வேலை செய்பவர்கள் ஹார்னஸ் அணிய வேண்டும்" என்பது யாருடைய தளத்துக்கும் பொருந்தும் வரி.

எதில் மாட்டுவது என்பதும் எழுத வேண்டும். கொக்கி மாட்டும் புள்ளி ஒருவருக்குக் குறைந்தது 12 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 1.2 டன் தாங்க வேண்டும். சாரத்தின் கைப்பிடிக் குழாயும் கம்பிக் கூண்டின் ரிங்கும் அதற்கானவை இல்லை. தொங்கும் ஆளை எப்படி இறக்குவது என்பதையும் சேருங்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். "தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்" என்பது மீட்புத் திட்டம் இல்லை. இறக்கும் கருவி எங்கே இருக்கிறது, எந்த இரண்டு பேருக்கு அதைக் கையாளத் தெரியும் என்று பெயர் வேண்டும்.

ஸ்லாப் ஓரத்துக்கு: மேல் தடுப்பு 1 மீட்டர் முதல் 1.1 மீட்டர், நடுத் தடுப்பு, அடியில் 150 மி.மீ. டோ போர்டு (பொருள் உருண்டு விழாமல் தடுக்கும் ஓரப் பலகை). ஓரத் தடுப்பை யார் போடுவார், எப்போது போடுவார் என்பதில்தான் சண்டை வரும். சென்ட்ரிங் குழுவே பலகை விரிக்கும்போது வெளிமுட்டோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், சென்ட்ரிங் பிரிக்கும் முன் நிலையான தடுப்பு வந்துவிட வேண்டும். இடைப்பட்ட அந்த ஒரு நாள் இடைவெளியை மூடுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

தரைத் துளைகள். லிஃப்ட் குழி பெரியது, எல்லாருக்கும் தெரியும். ஆளை விழுங்குவது 60 செ.மீ. சர்வீஸ் துளை. அதன்மேல் சும்மா ஒரு ப்ளைவுட் துண்டு வைத்திருப்பார்கள். வேறொருவர் "பலகை கிடக்கிறதே" என்று இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைப்பார், அங்கேதான் துளை. மூடி நான்கு பக்கமும் ஆணியோ போல்ட்டோ அடித்து நிற்க வேண்டும், மேலே "கீழே துளை" என்று நிறத்தில் எழுதியிருக்க வேண்டும். முடிந்தால் ஸ்லாப் போடும்போதே கம்பி வலையைத் துளைக்குள் விட்டுவிட்டு பைப் வரும்போது வெட்டுவது இன்னும் நல்லது.

---

நாலடிச்சுவர்

எல்லாருக்கும் நன்றி. பள்ளத்துக்கு சோதனைக் குழிக்கு ஏற்பாடு செய்கிறேன். ஸ்லாப் கான்கிரீட்டுக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன், பாருங்கள்:

"வேலை: மூன்றாம் மாடி ஸ்லாப் கான்கிரீட். ஆபத்து: சென்ட்ரிங் சரிவு. கட்டுப்பாடு: தரமான முட்டுகள் பயன்படுத்த வேண்டும், தகுதியான மேற்பார்வை, பாதுகாப்பு உபகரணங்கள். பொறுப்பு: அனைவரும்."

இது போதுமா?

---

தூக்குகுண்டு

"பொறுப்பு: அனைவரும்" என்றால் யாரும் இல்லை. அந்த வரியில் சரிபார்க்க முடிந்த சொல் ஒன்றுகூட இல்லை. தரமான முட்டு என்றால் எது? யார் பார்த்துச் சொல்வார்?

முதலில் கணக்கு. ஸ்லாப் 150 மி.மீ. என்று வைப்போம். கான்கிரீட் கன மீட்டருக்கு 25 கிலோ நியூட்டன், ஆக சதுர மீட்டருக்கு 3.75. பலகை, ஸ்பான் (பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) 0.5. ஆட்கள், வைப்ரேட்டர் எல்லாம் சேர்த்து 1.5 முதல் 2. ஏறக்குறைய 6 கிலோ நியூட்டன். முட்டு ஒரு மீட்டருக்கு ஒன்று என்றால் ஒரு முட்டுக்கு 600 கிலோ. இப்போது பம்ப் வாயிலிருந்து ஒரே இடத்தில் அரை மீட்டர் குவியல் விழுகிறது. கான்கிரீட் மட்டுமே 12.5 கிலோ நியூட்டன், மொத்தக் கணக்கைப் போல் இரண்டு மடங்கு. சென்ட்ரிங் சரிவுகளில் பல, பாதி கான்கிரீட் போனபிறகு, இப்படி ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகப் போவதுதான்.

அதே வரியை நான் இப்படி எழுதுவேன்:

"முந்தின நாள் மாலை 4 மணிக்குள் சென்ட்ரிங் எஞ்சினியர் (பெயர்) டிராயிங் எண்ணும் திருத்த எண்ணும் பார்த்து முட்டு இடைவெளியை நாடாவால் அளப்பார். முட்டு நீட்டம் 3.1 மீட்டர்; அந்த நீட்டத்தில் தயாரிப்பாளர் அட்டவணைப்படி தாங்கும் சுமை இங்கே எழுதப்படும். முட்டின் பின் எல்லாம் தயாரிப்பாளர் தந்த பின். கம்பித் துண்டு செருகியது ஒன்று இருந்தாலும் வேலை தொடங்காது. முட்டுகள் செங்குத்து, அடியில் ஆப்பு ஒன்றுக்கு மேல் இல்லை. இரு திசையிலும் குறுக்குக் கட்டு. கீழே இரண்டு மாடிகளில் பின்முட்டு (மேல் ஸ்லாப்பின் சுமையைத் தாங்க விட்டுவைக்கும் முட்டு) நிற்கிறது. கான்கிரீட்டின்போது குவியல் 300 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஹோஸ் பிடிப்பவரோடு நின்று கவனிப்பவர் (பெயர்). பலகைக்கு அடியில் யாரும் நடமாடக் கூடாது; வெளியிலிருந்து பார்க்கும்படி கட்டிய நூலில் தொய்வைக் கவனிப்பவர் (பெயர்), அவர் விசில் அடித்தால் பம்ப் நிற்கும், மேலே இருப்பவர்கள் படிக்கட்டுப் பக்கம் விலகுவார்கள். நிறுத்தும் அதிகாரம் அவருக்கே. யாரையும் கேட்க வேண்டாம்."

நீளமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். முக்கியமான பத்துப் பதினைந்து வேலைகளுக்கு இப்படி எழுதுங்கள், மற்றவற்றை ஒரு அட்டவணையில் சுருக்கமாக முடியுங்கள். 300 வரி ரிஸ்க் அசெஸ்மென்டில் "எறும்புக்கடி"யும் "பள்ளச் சரிவு"ம் ஒரே எழுத்தில் வரும்போது படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

முட்டு பற்றி இரண்டு விஷயம். முழு நீளத்துக்கு இழுத்த முட்டு, குட்டையாக இருக்கும்போது தாங்கியதில் பாதியைக்கூடத் தாங்காமல் போகலாம். அதனால்தான் அட்டவணையை நீட்டத்தோடு பார்க்கச் சொன்னேன். பிரிப்பதற்கு நாள் கணக்கு மட்டும் பார்க்காதீர்கள், கியூப் வலிமை (கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் சோதனை முடிவு) என்ன வந்தது, மேலே இன்னும் எந்த ஸ்லாப்பின் சுமை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று டிசைனரைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பம்ப்: அடைப்பு திடீரென்று விடும்போது ஹோஸ் முனை பாம்பு போல வீசும். தொடங்கும்போதும் காற்றால் சுத்தம் செய்யும்போதும் முனைக்குப் பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது.

---

எர்த்பிட்

மின்சாரமும் பெர்மிட்டும் என் பங்கு.

தற்காலிக டி.பி. ஒவ்வொன்றிலும் கையில் பிடிக்கும் கருவிகளுக்கான லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது தினமும் காலையில், யார் என்று டி.பி. கதவில் பெயர் ஒட்டுங்கள். பட்டன் உள்ளே இருக்கும் இயக்கத்தை மட்டும்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எர்த்தைக் கருவி வைத்துத் தனியாக அளக்க வேண்டும். வைப்ரேட்டரும் வெல்டிங் மெஷினும் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடுவார். அடிக்கடி ட்ரிப் ஆனால் கேபிள் உரிந்திருக்கிறது, அல்லது பிளக்கில் ஈரம் ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். பைபாஸ் கண்டால் அந்த டி.பி. பூட்டு என்று எழுதுங்கள். கேபிள் தண்ணீரில் கிடக்கக் கூடாது, வண்டி போகும் வழியில் தலைக்கு மேலே தூக்கிக் கட்டவும்.

பெர்மிட்டை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். காலையில் முப்பது படிவம் வந்தால் கையெழுத்து மட்டும்தான் நடக்கும், பார்வை நடக்காது. உங்களுக்குத் தோண்டுதல், வெல்டிங்-கட்டிங், கிரேன் தூக்கல், மின்லைன் வேலை, மூடிய இடம் ஆகிய ஐந்து போதும். கையெழுத்திடுபவர் அந்த இடத்தில் நின்று கையெழுத்திட வேண்டும், அலுவலக மேசையில் இல்லை. ஷிஃப்ட் முடிந்தால் பெர்மிட்டும் முடியும்.

வெல்டிங் முடிந்தபிறகும் ஒரு மணி நேரம் தீயணைப்பானோடு ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். பொறி சாக்குக்குள் போய்க் கனன்று பிறகுதான் பிடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டரும் எரிவாயு சிலிண்டரும் சேமிப்பில் 6 மீட்டர் தள்ளி, அல்லது நடுவில் 1.5 மீட்டர் உயரத் தீத்தடுப்புச் சுவர்.

மூடிய இடம் என்றால் பலர் கழிவுநீர்த் தொட்டியை மட்டும் நினைக்கிறார்கள். உங்கள் பேஸ்மென்டில் தண்ணீர் சம்ப் கட்டுவீர்கள். மேன்ஹோலை மூடிவைத்து வாரக்கணக்கில் கழித்து சென்ட்ரிங் பலகை பிரிக்க ஒருவர் இறங்குவார். உள்ளே ஈரப் பலகை மக்கி ஆக்சிஜனைத் தின்று முடித்திருக்கும். வாடை வராது. இறங்கியவர் ஏணியிலிருந்தே விழுவார், எடுக்கப் போன இரண்டாமவரும் விழுவார். மீட்டரை மேலே, நடுவில், அடியில் என மூன்று மட்டத்தில் இறக்கிப் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள். எரியும் வாயு, வெடிப்பின் கீழ் எல்லையில் 10 சதவீதத்துக்குக் கீழே. காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அளவும் தொடர்ந்து பார்க்க வேண்டும். மேலே நிற்பவர் எந்த நிலையிலும் உள்ளே இறங்கக் கூடாது, கயிற்றோடு ட்ரைபாடால் மேலே இழுப்பதுதான் அவர் வேலை.

கிரேனுக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2 டன் சுமையை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கும்போது ஸ்லிங் தரைக்கு 60 பாகை என்றால் ஒரு காலுக்கு 1.15 டன். 30 பாகைக்குச் சாய்ந்தால் ஒரு காலுக்கு 2 டன். ஸ்லிங் குட்டையாக இருக்கிறது என்று இழுத்து மாட்டும்போது நடப்பது இதுதான். மெட்டீரியல் ஹாய்ஸ்டில் ஆள் ஏறாமல் தடுக்கப் பலகை வைத்தால் போதாது. எல்லா மாடிக் கதவும் மூடினால்தான் ஓடும்படி இன்டர்லாக், உள்ளே நின்றபடி இயக்க முடியாத இடத்தில் ஸ்விட்ச்.

---

மட்டப்பலகை

மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. சப்-கான்ட்ராக்டர்கள்.

ஒரே தளத்தில் பல முதலாளிகள் வேலை செய்யும்போது பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பிரதான கான்ட்ராக்டருடையது என்று 1988-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 167 சொல்கிறது. ஆகவே ஐந்து பேரின் காகிதத்தையும் பின்னடித்து ஒரே கோப்பாக்குவது சேர்ப்பது ஆகாது. அவரவர் வேலைமுறையை அவரவர் எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டியது இடைவெளி: சாரத்தை யார் கட்டுவார், யார் ஒப்படைப்பார், வாரம் ஒருமுறை யார் பார்த்து டேக் (ஆய்வு முடிந்ததைக் காட்டும் அட்டை) மாற்றுவார். பூச்சுக்காரருக்குக் குறுக்கே வருகிறதென்று ஒரு டை கம்பியை (சாரத்தைக் கட்டடத்தோடு பிணைக்கும் கம்பியை) கழற்ற வேண்டுமானால் யாரிடம் கேட்பார். பொதுவழி வெளிச்சம் யார் செலவு. பாதுகாப்பு வேலிக்கும் ஹார்னஸுக்கும் பணம் யார் விலைப்புள்ளியில் இருக்கிறது. இந்தக் கடைசி ஒன்றை டெண்டரில் தனி வரியாகப் போடாவிட்டால், தடுப்பு கேட்கும்போதெல்லாம் "என் ரேட்டில் இல்லை" என்றுதான் பதில் வரும்.

ஐந்து கான்ட்ராக்டரும் இருக்கும் கூட்டம் வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், அடுத்த இரண்டு வார பார் சார்ட்டை வைத்து. காலை டூல்பாக்ஸ் பேச்சு பத்து நிமிடம், அன்றைக்கு நடக்கும் வேலையைப் பற்றி மட்டும், ஆட்கள் பேசும் மொழியில். மூன்று மொழி பேசுபவர்கள் இருந்தால் மூன்று குழுவாகப் பிரியுங்கள். கையெழுத்துப் புத்தகம் புரிந்ததற்குச் சான்று ஆகாது. பேசியதும் ஒருவரை நிறுத்தி "இன்று எங்கே நடக்கக் கூடாது?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

அளவீடு என்று கிளையன்ட் கேட்பார். 120 பேர், நாளுக்கு 8 மணி, மாதம் 25 நாள், ஆக 24,000 மனித மணி. வேலை நாள் இழக்கும் ஒரு விபத்து நடந்தால், பத்து லட்சம் மணிக்கான விகிதம் 41.7 என்று எகிறும், நடக்காவிட்டால் 0. இவ்வளவு சிறிய தளத்தில் அந்த எண் அதிர்ஷ்டத்தைத்தான் காட்டும். அதோடு, சுழியைக் காப்பாற்ற அடிபட்டவரை நாற்காலியில் உட்கார வைத்து வருகை போடும் பழக்கமும் தொடங்கும். மாறாக, சாரம் ஆய்வு தேதி தாண்டியவை எத்தனை, சுட்டிக்காட்டிய குறைகளில் சொன்ன நாளுக்குள் சரியானவை எத்தனை, வந்த நியர் மிஸ் (விபத்தாகாமல் மயிரிழையில் தப்பிய நிகழ்வு) எத்தனை என்று எடுங்கள். நியர் மிஸ் ஒன்றுகூட வரவில்லை என்றால் சொன்னவருக்கு அபராதம் விழுகிறதா என்று விசாரியுங்கள்.

---

நாலடிச்சுவர்

மிகவும் பயன்பட்டது. இரண்டு சின்னக் கேள்வி. அவசரநிலைப் பகுதியில் ஆம்புலன்ஸ் எண், ஆஸ்பத்திரி பெயர் தவிர என்ன எழுதுவது? பழைய 110 பக்கத்தில் எதையாவது வைத்துக்கொள்ளலாமா?

---

எர்த்பிட்

பேஸ்மென்டில் கால் முறிந்தவரை எப்படி மேலே கொண்டுவருவீர்கள் என்று எழுதுங்கள். ஏணி மட்டும்தான் வழி என்றால் சாதாரண ஸ்ட்ரெச்சர் ஏறாது, ஆளைக் கட்டித் தூக்கும் கூடை ஸ்ட்ரெச்சர் வேண்டும், எதைக் கொண்டு தூக்குவது என்றும் முடிவாக வேண்டும். கேட்டில் நின்று ஆம்புலன்ஸை உள்ளே அழைத்து வருபவர் யார், அந்த நேரம் ரெடிமிக்ஸ் லாரி வழியை மறித்தால் எந்தக் கேட். முதலுதவி தெரிந்தவர் இரவு ஷிஃப்டில் இருக்கிறாரா. ஒத்திகை பார்க்கும்போது ஒருமுறையாவது இரவில், ஒருமுறையாவது பள்ளத்திலிருந்து பாருங்கள்.

---

மட்டப்பலகை

பழைய கோப்பில் ஆய்வுப் படிவங்கள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: சாரம், டி.பி., ஸ்லிங், ஏணி. அவற்றிலும் உங்கள் தளத்தில் இல்லாத வரியை வெட்டுங்கள். டவர் கிரேன் அத்தியாயத்தை விட்டுவைத்தால், ஆய்வுக்கு வருபவர் "எங்கே டவர் கிரேன்?" என்று கேட்ட கணமே மிச்சப் பக்கங்களின் மதிப்பும் போய்விடும்.

முதல் பக்கத்தில் திருத்த எண்ணும் தேதியும் போடுங்கள். எப்போது திருத்துவது என்பதையும் அங்கேயே எழுதுங்கள்: வேலைமுறை மாறினால், டிசைன் மாறினால், புது சப்-கான்ட்ராக்டர் வந்தால், விபத்தோ பெரிய நியர் மிஸ்ஸோ நடந்தால், லேஅவுட் அடுத்த கட்டத்துக்குப் போனால். திருத்தியதும் பழைய படத்தை அறிவிப்புப் பலகையிலிருந்து கிழித்து எடுப்பது யார் என்று பெயர் போடுங்கள். பல தளங்களில் பேஸ்மென்ட் முடிந்து மூன்று மாதம் ஆனபிறகும் கூடுமிடம் பள்ளத்துக்கு நடுவில் இருப்பதாகவே பலகை காட்டிக்கொண்டிருக்கும்.